ஆறாம் பக்கத்து வீரன்

"அவன் கோழைம்மா! அவனைப் போய் வீரன், தியாகின்னு போடுறீங்களே, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாம்?"

பெரியவர் மேஜையில் ஓங்கி அடித்த அடியில் நாளிதழ் உதவி ஆசிரியையின் டீ கோப்பையிலிருந்து தளும்பிச் சிந்தியது. வழுக்கைத் தலை, மழித்த முகம், தடித்த கண்ணாடி. வாசலில் காவலாளி தடுத்தும் கேட்காமல் விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டவர். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஐந்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். இப்போது மணி நாலே முக்கால்.

பக்கம் என்றால் ஆறாம் பக்கம். குறுக்கெழுத்துக்கு மேலே 'வரலாற்றில் இந்த நாள்' வரும். எங்கோ ஒரு மன்னர் முடிதுறந்தது, ஒரு விஞ்ஞானி பிறந்தது, ஒரு கப்பல் கவிழ்ந்தது. அதை யாரும் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்றா நினைக்கிறீர்கள்? போன வருடத்துப் பத்தியை எடுத்து, 'இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்' என்பதை 'இருபத்தைந்து' ஆக்கினால் வேலை முடிந்தது. முதல் நாள் எவனோ சொன்ன பொய் இருந்தால், அதற்கும் வருடா வருடம் ஒரு வயது கூடும்.

நாளைய தேதியில் உள்ளூர்ச் சம்பவம் ஒன்று உண்டு. பேய்மழை கொட்டிய ஒரு மத்தியானம், ஏரி உடையப் போகிறது. மதகு ஷட்டர் காவலில் இருந்த இருவரில் ஒருவர் பயந்து ஓடி, வெள்ளத்தில் போய்விட்டார். மற்றவர் தனியாளாக ஐந்து ஷட்டர்களையும் கையாலேயே சுழற்றித் திறந்து ஊரைக் காப்பாற்றினார். இரண்டு பேர் பெயரும் வருடந்தோறும் அச்சாகும். இது இருபத்தைந்தாவது வருடம் என்பதால் இந்த முறை வீரருக்குப் படமும் உண்டு.

"இந்தப் பத்தியை அப்படியே கல்லுல வெட்டி ஏரிக்கரையில வைக்கப் போறாங்களாம், தெரியுமா?" என்று கத்தினார் பெரியவர். "ஓடிப்போனவன்னு செத்தவன் பேரு கல்லுல இருக்கப் போகுது. பேப்பரையாவது பழைய பேப்பர்காரன் எடுத்துட்டுப் போயிடுவான். கல்லை யாரு எடுத்துட்டுப் போவா?"

"மெதுவாப் பேசுங்க ஐயா. செத்தவருக்கு நீங்க அண்ணனா?"

"கூடப் பொறக்கலை. அது ஒண்ணுதான் குறை."

சொந்தக்காரர்கள் என்றாலே அவளுக்குத் தலைவலி. தாத்தா ஜெயிலுக்குப் போனதை விட்டுட்டீங்க, மாமா படத்தைச் சின்னதாப் போட்டுட்டீங்க என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து சண்டை பிடிப்பார்கள். அவள் நாளைய பக்கத்தின் நகலை அவர் முன்னால் தள்ளினாள். தொப்பியும் முறுக்கு மீசையுமாக வீரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மனுஷன் இல்லன்னா இன்னிக்கு உங்க வீடும் இல்ல, எங்க வீடும் இல்ல. வாய் கூசாம கோழைங்கறீங்களே!"

பெரியவர் தாளை வெடுக்கென்று கவிழ்த்து வைத்தார். "அந்த மூஞ்சியை என் முன்னால நீட்டாதீங்க! அஞ்சையும் திறந்தது செத்தவன். கரன்ட் போயிடுச்சு, மோட்டார் ஓடலை. கைப்பிடியைப் பிடிச்சுச் சுத்தினா ஒரு ஷட்டருக்கு நூத்தி இருபது சுத்து. மூணாவது துருப்பிடிச்சு நின்னுச்சு. 'ஒரு கை பிடிடா'ன்னு கத்தினான். உங்க வீரன் மேட்டைப் பார்த்து ஓடினான். மழை விட்டப்புறம் வந்து பார்த்தா அஞ்சும் திறந்து கிடக்கு, ஆளைக் காணோம். அப்புறம் என்ன? உயிரோட நின்னவன் கழுத்துல மாலை!"

"நல்லா அளக்கறீங்க! அங்க இருந்ததே ரெண்டு பேரு. பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி சொல்றீங்க. நிஜம்னா இத்தனை வருஷமா எங்க போயிருந்தீங்க?"

முதல் தடவையாகப் பெரியவரின் குரல் இறங்கியது.

"செத்தவன் பொண்டாட்டி எங்க எதிர் வீடு. வருஷா வருஷம் இந்தப் பேப்பர் வர்ற அன்னிக்கு மட்டும் அந்தம்மா வாசக்கதவைத் திறக்காது. நேத்து அவன் பேத்தியை வகுப்புல எழுப்பி, போன வருஷப் பத்தியைப் படிக்க வெச்சிருக்காங்க. தாத்தா பேரு வந்ததும் மொத்த வகுப்பும் சிரிச்சிருக்கு. அழுதுக்கிட்டே வந்துச்சும்மா அந்தப் புள்ள. அதை மட்டும் என்னால தாங்க முடியலை."

அவளுக்கு ஒரு நிமிடம் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் மணி ஐந்தாக நாலு நிமிடம். அதற்குள் பக்கம் கட்டுகிறவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"பாவம்தான் ஐயா, இல்லைங்கலை. அதுக்காக இன்னொரு மனுஷன் மேல சேத்தை வாரி இறைக்கலாமா? நாளைக்கு அந்தக் கல்லைத் திறக்கற விழாவுக்கு அவரும் வர்றாரு. அவரு மூஞ்சியைப் பார்த்து இதைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இருக்கா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா இல்லம்மா. ஓடினது நான்தான்."