சின்னச் சுழல்

“மழையைக் கணிக்கறது மருமகளாமே!”

சொந்த ஊரான வளப்பூரில் பெண்டாட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பக்கத்துத் தோட்டத்து மாதம்மாள் இப்படித்தான் கேட்டாள். மாதேஸ்வரனுக்குச் சுருக்கென்றது.

அவனும்தானே கணிக்கிறான்!

சென்னையில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே கடல் ஆராய்ச்சிக்கூடம், ஒரே வேலை. அவனும் கலைச்செல்வியும் ஆளுக்கொரு சூத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மழையைக் கணிக்கும் புது கம்ப்யூட்டர் மாடலுக்குள் ஒன்றுதான் போகும். அது கலைச்செல்வியுடையதுதான் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு. போன மாதம் மீட்டிங்கில் அவளை மட்டும் எழுந்து பேசச் சொன்னார்கள். இவனும் ஒப்புக்குக் கை தட்டினான்.

வீட்டிலும் அதே கதை. மிளகு உலர்த்திக்கொண்டிருந்த அப்பா செங்கோடன் நேரே மருமகளிடம்தான் போனார்.

“மழைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் கண்ணு?”

“கடல் எங்க எவ்வளவு சூடா இருக்குதுங்கறத வச்சுத்தானுங்க மாமா மழைக்கணக்கு. கம்ப்யூட்டர்ல கடலைக் கட்டம் கட்டமாப் பிரிச்சிருக்கோம். ஒரு கட்டத்துக்குள்ள நம்ம கொல்லிமலையே அடங்கிரும்.”

“அம்மாம் பெருசா!”

“ஆமாங்க. அதுக்குள்ள சுத்தற சின்னச் சின்னச் சுழலெல்லாம் மாடலுக்குத் தெரியாது. ஆனா அடியில கெடக்கற குளுந்த தண்ணிய மேல இழுத்துட்டு வாரது அதுங்கதான். அதை விட்டுட்டா மழைக்கணக்கே தப்பிப் போயிரும். அதான் அதுங்க செய்யற வேலையை ஒரு சூத்திரமா எழுதிக் குடுக்கறோம்.”

“எம் மருமக மூளையே மூளை!”

“அவளோடது பாதி ஊகம்ப்பா,” என்றான் மாதேஸ்வரன். “நானும் ஒண்ணு எழுதியிருக்கேன், பொறுமையா உக்காந்து.”

கலைச்செல்வி ஒன்றும் பேசாமல் பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதியும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஜெயிக்கப்போகிற திமிர்!

போன் அடித்தது. துறைத்தலைவர் அருணாசலம்.

“கங்கிராட்ஸ் மாதேஸ்வரன்! கமிட்டி உங்க சூத்திரத்தைத்தான் எடுத்திருக்கு.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்பா, என்னுதுதான்! என்னுதுதான் ஜெயிச்சுது!”

கலைச்செல்வி நிமிர்ந்து சிரித்தாள். “ரொம்ப சந்தோசமுங்க.”

“இப்ப வேற என்னத்தச் சொல்லுவே?”

அதோடு விட்டிருக்கலாம். மனசு ஆறவில்லை. அருணாசலம் இன்னும் லைனில்தான் இருந்தார்; அவள் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

“சார், கலைச்செல்வியோடது எங்க கோட்டை விட்டுச்சு? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

“கோட்டை எல்லாம் விடலையே. கமிட்டி அவங்களோடதைத்தான் எடுக்கறதா இருந்துச்சு. அவங்கதான் பழைய வருஷத்து மழை, புயலெல்லாம் போட்டு ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு வந்து, ‘என்னோடதைவிட அவரோடதுதான் சரியா வருது, அதையே எடுத்துக்குங்க’ன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. ஏன் மாதேஸ்வரன், உங்ககிட்ட சொல்லவே இல்லையா?”