வட்டத்துக்குள் ஒரு புள்ளி

இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் திராட்சை வாசனை முகத்தில் அடித்தது.

உள்ளே திராட்சை எதுவும் இல்லை. தட்டுத் தட்டாகக் கிருமிகள்தான் இருந்தன, மனித உடம்பின் சூட்டில்.

அம்மா படுத்திருந்த அறையிலும் கடைசி மாதங்களில் இதே வாசனைதான். பார்க்க வந்தவர்கள், என்ன பழம் வாங்கி வைத்திருக்கிறாய் என்றுகூடக் கேட்டார்கள். முட்டியின் கட்டைப் பிரித்துக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கட்டுத்துணி பச்சையாக இருக்கும்.

இந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எலும்புச் சிமெண்ட்டைச் சோதிக்கும் வேலை. சிமெண்ட் என்று காதில் விழுந்ததும் வீட்டுக்காரம்மா, மொட்டைமாடி ஒழுகலைக் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். இது வேறு சிமெண்ட். செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டவைப்பது. கிருமி அண்டாமல் இருக்க அதில் மருந்தும் கலந்திருப்பார்கள்.

அம்மாவின் முட்டிக்கு வைத்ததிலும் கலந்திருந்தார்கள். மேலாக இருந்த மருந்து சில நாளில் கசிந்து தீர்ந்துவிட்டது. மிச்சமெல்லாம் பூதம் காத்த புதையலாக, கல்லாய் இறுகிய சிமெண்ட்டுக்குள்ளேயே யாருக்கும் உதவாமல் கிடந்தது. கிருமி அதுவரை பொறுத்திருந்து உள்ளே புகுந்தது.

அம்மாவின் முட்டிச் சீழிலிருந்து வளர்த்த கிருமிதான் இந்தத் தட்டுகளில் இருப்பது. அவளே கேட்டு வாங்கினாள். அம்மாவைக் கொன்றதைக் கொல்லப் போகிறாள் என்று ஆய்வுக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து அதற்குத் தீனி மாற்றினாள், அம்மாவுக்கு ஊட்டிய அதே நேரத்தில்.

புதிய சிமெண்ட்டில் நுண்துகள்களைச் சேர்த்தவர் பொடி மாமா. கண்ணுக்குத் தெரியாத பொடியோடு மல்லுக்கட்டுகிறவர் என்பதால் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர். துகள் கலந்தால், கல்லுக்குள் சிக்கிய மருந்தும் சந்துபொந்து கண்டுபிடித்து வாரக்கணக்கில் வெளியே வரும் என்பது அவர் கட்சி.

தினமும் அதே சிமெண்ட் வில்லையை எடுத்து, புதிதாகக் கிருமி பூசிய தட்டில் வைப்பாள். மருந்து இன்னும் கசிகிறது என்றால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெற்று வட்டம் விழும்.

இன்று கடைசித் தட்டு. வட்டம் சுத்தமாக இருந்தால் சிமெண்ட் தேறிவிட்டது. எதிர்க் கட்டடத்து வார்டில் முதல் நோயாளி காத்திருக்கிறார். பக்கத்தை விட்டு நகராமல் மகள் உட்கார்ந்திருக்கிறாளாம்.

சிமெண்ட் தேறினால் இந்தக் கிருமிக்கு இனி வேலையில்லை. ஒன்று விடாமல் நீராவியில் வேகவைத்து அழித்துவிடுவார்கள்.

தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

வட்டம் இருந்தது. நல்ல பெரிய வட்டம்.

வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தது.

கடுகளவு. பச்சை. வில்லையை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, எனக்கென்ன என்று வளர்ந்திருந்தது. அம்மாவும் அப்படித்தான், லேசில் மசிகிறவள் இல்லை.

இந்த மருந்துக்குச் சாகாத ஒன்று பிறந்துவிட்டது. சொல்லியாக வேண்டும். சொன்னால் பொடி மாமா சும்மா இருக்க மாட்டார். இதற்கென்றே வேறொரு மருந்தைத் தேடிப் பிடித்து, இதையும் ஒரு கை பார்த்துவிடுவார்.

அம்மாவின் உடம்பிலிருந்து வந்து, அம்மா போன பிறகும் உயிரோடு இருப்பவை இந்த உலகத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்று அவள்.

"என்னம்மா, சுத்தமா இருக்கா?"

கதவருகில் பொடி மாமா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். கேட்கும்போதே குரல் நடுங்கியது, பாவம்.

"சுத்தமா இருக்கு சார்."

தட்டு பார்ப்பதில் அவள் சொன்னால் சொன்னதுதான். அவர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே வார்டுக்குப் போன் போட்டு, நாளைக்கே வைத்துவிடலாம் என்று சத்தமாகச் சொன்னார். மறுமுனையில் யாரோ அழுவது அவள் காது வரைக்கும் கேட்டது. அந்த மகளாகத்தான் இருக்கும்.

மற்றத் தட்டுகளை அவளே பையில் போட்டுக் கட்டினாள். ஒன்றை மட்டும் மூடி, இன்குபேட்டரின் பின்மூலையில், சூடு குறையாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

"பசிக்குதா? இரு, சாயங்காலம் தர்றேன்," என்றாள் மெல்ல.

"யார்கூடம்மா பேசறே?"

"தங்கச்சி சார்."

அவளும் போனில்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். இருந்த சந்தோஷத்தில் அவருக்கு அன்று ஊரெல்லாம் உறவு.

"நான் விசாரிச்சேன்னு சொல்லு."

கதவைச் சாத்துவதற்கு முன் அவள் குனிந்து, சொன்னாள்.