ஒத்திகைக்கு வந்த அறுபத்திமூன்றாவது ஆள்

மண்டையைப் பிளக்கும் வெயிலில் கருக்களாச்சேரியில் புயல் ஒத்திகை நடந்தது. நிஷா, தானே, கஜா என்று வந்துபோன புயல்களைச் சிறப்பு விருந்தினர் பட்டியல்போல் மைக்கில் வாசித்த அதிகாரி, இனி ஓர் உயிரும் போகாது என்று முழங்கினார். பாதுகாப்பு மையத்துக்குள் ஆளுக்கொரு பாய் கொடுத்துத் தலை எண்ணியது ஜோஸ்பின். கஜா சமயத்தில் கடலுக்குப் போன அவள் கணவன் அகஸ்டின் இன்னும் திரும்பவில்லை.

“சார், நாங்க வந்தது அறுபத்திரண்டு பேரு. உள்ள அறுபத்திமூணு தலை இருக்குங்க.”

“நல்லதுதானேம்மா. குறைஞ்சாத்தான் நான் ரிப்போர்ட் எழுதணும்.”

மறுபடி எண்ணினாள், அறுபத்திமூன்றுதான் வந்தது. எல்லாரும் கலைந்ததும் பாய்களைச் சுருட்டினாள். மூலையில் ஒரு பாய் மட்டும் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. ஜோஸ்பின் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமாட்டை முந்தானையால் மெல்லத் துவட்டினாள்.