சுத்தபத்தம்

"நாளையில இருந்து நீ வேலைக்கு வர வேண்டாம் நாகஜோதி. என்ற கொழந்த இப்படிக் கிடக்கறதுக்கு உன்ற கைதான் காரணம்."

ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்ற நாகஜோதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலில், ட்ரிப்ஸ் ஊசி குத்திய கையோடு, ஒரு வயது அனுப்ரியா துவண்டு கிடந்தாள். காய்ச்சல், ரத்தமும் சளியுமாய்ப் பேதி. மருந்து ஏற்றினால் கொஞ்சம் தேறுவாள். பிறகு மறுபடியும் உடம்பு கொதிக்கும்.

"சத்தியமா சோப்பு போடாம நான் பாப்பாவத் தொட்டதே இல்லக்கா."

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள் நாகஜோதி. கணவன் பனியன் கம்பெனியில். இவள் அனுப்ரியாவின் அம்மா அமராவதி வீட்டில் குழந்தை பார்க்கிறாள்.

"நீ கழுவுன லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும்!" என்றாள் அமராவதி.

அமராவதியின் சுத்தபத்தம் நெருப்பெரிச்சல் ஊருக்கே தெரியும். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தாலும், விடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றி, சாமி கும்பிட்டுவிட்டு வந்துதான் பிள்ளையைத் தொடுவாள். அப்பேர்ப்பட்டவள் சொன்னால் யார் மறுப்பது? கணவன் கந்தவேலும் அவள் பக்கம்தான்.

டாக்டர் பரிசோதனை முடிவோடு உள்ளே வந்தார். "வீட்டுல ஆமை, பாம்புன்னு ஏதாச்சும் வளர்க்கறீங்களா?"

"ஆமை இருக்குதுங்க," என்றான் கந்தவேல். "எக்ஸ்போர்ட் ஆர்டரே இல்லாம தவிச்சப்ப வாஸ்துக்காரர் சொன்னாருங்க. பூஜை ரூம்ல உருளித் தண்ணியில விட்டிருக்கறோம். பெருமாளே ஊட்டுக்கு வந்த மாதிரின்னு இவ தினமும் பூப்போட்டுக் கும்பிடுவாளுங்க. ஆனா பாப்பா அதுங்கிட்டப் போனதே இல்லீங்க."

"போகவே வேண்டாம். அதோட உடம்புல இருக்கற கிருமி அதை ஒண்ணும் பண்ணாது. அதைத் தொட்ட கையக் கழுவாம பால் குடுத்தாப் போதும், இந்த வயசுல உயிருக்கே ஆபத்து. அதுக்குத் தண்ணி மாத்தறது யாரு?"

கந்தவேல் சட்டென்று நாகஜோதியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஐயோ, நான் இல்லண்ணே!" அவளுக்கு அழுகை வெடித்தது. "பூஜை ரூம் வாசப்படியவே என்னையத் தாண்ட விட மாட்டாகளே! நான் உள்ள வந்தாத் தீட்டாயிரும்னு அக்காதான் சொல்லுவாக."

டாக்டர் அமராவதி பக்கம் திரும்பினார்.

மடியிலிருந்த கைப்பைக்குள் ஒரு சின்னப் பாட்டிலை அவள் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. பிள்ளை எப்படியாவது பிழைத்துவிட வேண்டுமென்று, உருளியில் மொண்டு வந்த அந்தப் பெருமாள் தீர்த்தத்தை, தினமும் போல இன்று காலையும் அவளே ஒரு மூடி பாப்பாவின் வாயில் ஊற்றியிருந்தாள்.