கட்டுப் போட்ட முழங்கால்

“அந்தக் கட்டுப் போட்ட பொண்ணுகிட்டயே அடிங்க. ஒரு பந்துகூட மத்தவளுக்குப் போகக் கூடாது.”

முன்வரிசையில் இருந்த எதிரணிப் பயிற்சியாளர் தன் ஆட்டக்காரிகளிடம் சொன்னது, பின்னால் இருந்த சித்தியின் காதில் தெளிவாக விழுந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

“கேட்டியாம்மா? அடிபட்ட காலையே குறி வைக்கறாங்க. இது நியாயமா?”

“டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்துல எல்லாரும் அப்படித்தாம்மா. ரெண்டு பேர்ல யாருக்கு முடியலயோ, அவங்ககிட்டதான் அடிப்பாங்க,” என்றாள் பக்கத்தில் இருந்த பிசியோ. பெரியவளின் முழங்காலில் அந்த வெள்ளைக் கட்டைச் சுற்றிவிட்டதே அவள்தான்.

தாயில்லாத அக்காவும் தங்கையும் சித்தி கையில் வளர்ந்தவர்கள். இதற்கு முன் இரண்டு முறை இறுதிப் போட்டி வரை வந்து கோட்டை விட்டவர்கள். இது மூன்றாவது முறை. காலையில் பயிற்சியின்போது விழுந்து முழங்காலில் அடி என்று சேதி வந்ததும் சித்திக்குப் பாதி உயிர் போய்விட்டது. போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிட்டாள்.

பெரியவள் ஓடினாள். இந்த மூலைக்கு ஓடி எடுத்தாள், அந்த மூலைக்கு ஓடி எடுத்தாள். தங்கையின் தலைக்கு மேல் போன பந்தையும் பின்னால் சுற்றிப் போய் அவளே எடுத்தாள்.

“என்னமா ஓடறா பாரு. வலிய வெளியில காட்டறாளா?” சித்தியின் கண் கலங்கியது. பெருமை தாங்கவில்லை.

சின்னவளைப் பார்த்ததும் அந்தப் பெருமை வடிந்துவிட்டது. கணுக்கால் வரை கறுப்பு டைட்ஸ் போட்டுக்கொண்டு அவள் வலையருகே நின்றாள். கைக்கு எட்டினால் பந்துக்கு ஒரே வெட்டு. எட்டாவிட்டால் அக்கா பாடு.

“நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கறா. சர்வீஸ் போட்டுட்டு, காய் வாங்கப் போறவ மாதிரி நடந்து போறா. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க? வலி அக்காவுக்குத்தானே, இவளுக்கு என்ன?”

பிசியோவின் கண் வலைப் பக்கமே இருந்தது.

ஆளுக்கொரு செட் ஆகி, கடைசி டைபிரேக்கில் ஒன்பதுக்கு எட்டு. அக்கா தங்கைக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். எதிரணி பெரியவளை மூலைக்கு மூலை விரட்டியது. ஆறு பந்து, ஏழு பந்து, எல்லாம் திரும்பி வந்தன. எட்டாவது பந்தை அடித்த எதிரணிக்காரிக்குக் கை அசந்துவிட்டது. பந்து வலையருகே மிதந்தது. சின்னவள் ஒரே வெட்டாக வெட்டினாள்.

அரங்கமே எழுந்து நின்றது. பெரியவள் ஓடி வந்து தங்கையை அலாக்காகத் தூக்கிக்கொண்டாள். கீழே இறக்காமல் அப்படியே உள்ளே நடந்தாள். கூட்டம் சிரித்துக்கொண்டே கைதட்டியது.

“யார் யாரைத் தூக்கணும்? இங்க எல்லாமே தலைகீழ்,” என்றாள் சித்தி. பிசியோ அதற்குள் எழுந்து ஓடியிருந்தாள்.

சின்னவளுக்காக நாலு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் சித்தி ஓய்வறைக்குள் நுழைந்தாள்.

பெரியவள் நின்றபடியே கட்டைப் பிரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். முழங்காலில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டிலில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சின்னவளின் கறுப்பு டைட்ஸைப் பிசியோ கத்தரியால் வெட்டி விலக்கினாள். உள்ளே முழங்கால் இரண்டு மடங்காக வீங்கிக் கிடந்தது.

“காலையில விழுந்தது அவதான் சித்தி,” என்றாள் பெரியவள், ஐஸ் பையை எடுத்துக்கொண்டே. “கட்டு எங்க இருக்கோ, பந்து அங்கதானே வரும்? அதான் நான் போட்டுக்கிட்டேன்.”