முதுகில் எழுதியது

"இன்னையோட வேலைய விட்டு நின்னுக்கிறேன்னா நின்னுக்கிறேன்தான் அக்கா. கெஞ்சாதீங்க."

"யாருடி கெஞ்சினா? திரும்பி நில்லு, பேர் எழுதணும்."

கவச உடையை மாட்டிவிட்டால் யார் எவரென்று தெரியாது. அதனால் தொற்று வார்டு உதவியாளர்கள் ஒருத்தி முதுகில் இன்னொருத்தி பெயர் எழுதுவது வழக்கம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போயாச்சு. மிச்சம் அக்காவும் இந்தச் சின்னவளும்தான். சின்னவளுக்கு இடுப்பு விட்டுப்போகிறது, கையுறைக்குள் விரல்கள் ஊறிக் கிடக்கின்றன. முதுகில் மார்க்கர் கீச்சுக் கீச்சென்று ஓடுகிறது, என்றைக்கும் இல்லாத அளவுக்கு நீளமாக. வார்டுக்குள் காலை வெயில் கட்டில்கள்மேல் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது. சின்னவள் ஒரு பெரியவருக்குத் தண்ணீர் புகட்டிவிட்டுத் திரும்புகிறாள்.

"நெசமாவாம்மா?"

"எது தாத்தா?"

"'நாளைக்கும் நான்தான் வருவேன்'னு முதுகுல போட்டிருக்கே."

எதிர்க் கட்டிலில் போர்வை மடிக்கும் அக்காவின் தோள்கள் சிரிப்பில் குலுங்குகின்றன. பெரியவர் கண்ணெடுக்காமல் பார்க்கிறார்.

"ஆமா தாத்தா. வந்து தொலைக்கிறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு போய் அக்காவிடமிருந்து மார்க்கரைப் பிடுங்குகிறாள்.

"இப்ப நீங்க திரும்பி நில்லுங்க அக்கா."

அக்கா சமர்த்தாகத் திரும்பி நிற்கிறாள். மார்க்கர் மூடி திறக்கிறது. அந்த முதுகில் இவள் என்ன எழுதுவாள்னு நினைக்கிறீங்க?