திரும்பி வந்த செண்பகம்

மல்லேஸ்வரம் வீட்டில் காலைக் காபியோடு பிழைப் புகார்களைப் படிப்பது தாரணிக்குப் பிடித்த வேலை. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய அந்த டேட்டாபேஸ் மென்பொருளை அவளும் சம்பளமில்லாமல்தான் பராமரித்தாள். அன்றைய புகார் விசித்திரமானது: அழித்த பதிவு, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் திரும்பி வந்துவிடுகிறதாம்.

பிழையை முதலில் தன் கணினியில் வரவழைக்க வேண்டும். சோதனைக்கு அவள் எப்போதும் தன் தெருவின் மரங்களைத்தான் பதிவுகளாக வைத்திருப்பாள். வாசல் செண்பகத்தைப் போன மாதம் சாலைக்காக வெட்டிவிட்டார்கள். அந்தப் பதிவை அழித்து ரீஸ்டார்ட் செய்தாள். பட்டியலில் செண்பகம் அப்படியே இருந்தது.

“வந்துட்டியா!” என்று சிரித்தாள்.

மதியத்துக்குள் காரணம் அகப்பட்டது. சின்னத் திருத்தம்தான். எழுதி முடித்தபோது பக்கத்து வீட்டு யசோதா ஜன்னலருகே வந்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்.

“நோடு தாரணி, இங்க பாரு, இந்தப் பூவெல்லாம் எங்கேருந்து விழுது? பெருக்கி மாளல.”

தாரணி எட்டிப் பார்த்தாள். வெட்டிய அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் பூக்கள் கிடந்தன. மேலே வெறும் வானம்.

திருத்தத்தைச் சேர்த்து, செண்பகத்தை மறுபடி அழித்துச் சோதித்தாள். பதிவு திரும்பவில்லை.

“அப்பாடா, பூ விழறது நின்னுடுச்சு” என்றாள் வெளியிலிருந்து யசோதா.

தாரணி ஜன்னல் வழியே அடிமரத்தைப் பார்த்தாள். பிறகு திருத்தத்தை எடுத்துவிட்டு, செண்பகத்தைச் சேர்த்து, அழித்து, ரீஸ்டார்ட் செய்தாள். அறை முழுக்க வாசம் வந்தது.

வேறு யாராவது எழுதினால் அவள் எரிந்துவிழும் பதிலைப் புகாரின் கீழே நிதானமாகத் தட்டினாள்: “என் கணினியில் இந்தப் பிழை வரவில்லை.”

அவள் விரல்களின் மேல் இலைநிழல் அசைந்துகொண்டிருந்தது.